எல்லாருக்கும் சின்னம்மா

கொரியச் சந்தைகளில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பெண்களை 'இமோ' என்று கூப்பிடுகிறார்கள். அம்மாவின் உடன்பிறந்தவள் என்று பொருள். நம் கணக்கில் சின்னம்மா, பெரியம்மா. அப்பாவின் உடன்பிறந்தவளுக்கு 'கோமோ' என்று தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஆனால் சூப்பு ஊற்றித் தருகிறவரை யாரும் கோமோ என்று கூப்பிட்டு நான் கேட்கவில்லை. பசி வந்தால் அம்மா வழி உறவுதான் நினைவுக்கு வரும் போலிருக்கிறது.

கொரிய மொழியிலும் அம்மா, அப்பா உண்டு, அதனால் அவர்கள் நமக்குச் சொந்தம் என்று புலனத்தில் மாதம் ஒருமுறையாவது யாராவது அனுப்புவார்கள். கூடவே கப்பலேறிப் போன இளவரசி கதையும் வரும். எனக்கு அந்த விளையாட்டில் ஆர்வம் கிடையாது. ஒலி ஒத்துப்போவது பெரிய செய்தியில்லை. முன்பின் தெரியாத ஒருத்தியை உறவுமுறை வைத்துக் கூப்பிட்டுவிட்டு அவளிடம் என்ன எதிர்பார்க்கிறோம் என்பதுதான் எனக்குச் சுவாரசியம். அந்தக் கேள்வியும் நான் என் சொந்தச் சின்னம்மாவோடு போனதால்தான் வந்தது.

சின்னம்மா பண்டார் தெங்காராவில் பாசார் மாலாமில் வடை விற்கிறார். தெரியாதவர்களுக்காக: பண்டார் தெங்காரா, ஜொகூரில் செம்பனைக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன நகரம். கெஜோரா என்ற வாரியம் 1972-இல் தொடங்கப்பட்டு, காட்டை அழித்துத் திட்டம்போட்டு உண்டாக்கிய ஊர்களில் ஒன்று. சுற்றிலும் ஃபெல்டா குடியிருப்புகள். எங்கே பார்த்தாலும் செம்பனை. பேரங்காடி, சினிமா என்று எதற்காவது போகவேண்டும் என்றால் கூலாய்க்கோ ஜொகூர் பாருவுக்கோதான் போகவேண்டும். அதனால் வாரம் ஒருமுறை கூடும் இரவுச் சந்தை எங்கள் ஊருக்குப் பொழுதுபோக்கும்தான். சின்னம்மா வாரத்தில் மூன்று இரவு, மூன்று இடங்களில் கடை போடுகிறார். இருபத்திரண்டு வருசமாக. வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் மலாய்க்காரர்கள். சிறுசுகள் 'ஆன்ட்டி' என்பார்கள், பெரியவர்கள் 'ஆச்சி' என்பார்கள். காசு கைமாறும்போது அவர் "ஜுவால்" என்பார், அவர்கள் "பெலி" என்பார்கள். விற்கிறேன், வாங்குகிறேன். மலாய் முஸ்லிம்கள் வியாபாரத்தில் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளும் ஒப்பந்தம் அது. சின்னம்மாவுக்குப் பழகிப்போய், தமிழர்கள் வந்தாலும் சொல்லிவிடுகிறார்.

போன வருசம் சித்தப்பா இறந்தார். 'டே ஜாங் கும்' காலத்திலிருந்து கொரியத் தொடர் பார்க்கிற சின்னம்மா, 2024 தீபாவளி முறுக்கு வியாபாரம் முடிந்ததும், "ஒரு தடவ போய்ட்டு வந்துருவோம்மா. அப்புறம் முட்டி விடாது" என்றார். நவம்பரில் போனோம். அரண்மனை பார்த்தோம். அதைப் பற்றி எழுத எதுவுமில்லை. சின்னம்மாவுக்கு அரண்மனையில் அரைமணி நேரம் போதுமாக இருந்தது. சந்தைக்குள் விட்டால்தான் வெளியே கொண்டுவர முடியவில்லை.

குவாங்ஜாங் சந்தை 1905-இல் தொடங்கியது. ஜப்பானியர் கொரியாவின் கழுத்தைப் பிடிக்க ஆரம்பித்த வருசம் அது. சந்தைகளும் அவர்கள் கைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, கொரிய வணிகர்கள் தாங்களே பணம் போட்டு நிறுவனம் தொடங்கி நடத்திய சந்தை இது. நாள் குறித்துக் கூடிக் கலைந்த சந்தைகளின் நாட்டில் எல்லா நாளும் திறந்திருந்த முதல் சந்தை என்கிறார்கள். அடிப்படையில் இது துணிச் சந்தை. மாடியில் இன்றைக்கும் பட்டும், கல்யாண ஹன்போக் தைக்கும் கடைகளும் இருக்கின்றன. ஆனால் வருகிற கூட்டம் கீழே, நடைபாதைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்குத்தான். 2019-இல் நெட்ஃபிளிக்ஸ் இங்கே கத்தியால் வெட்டிய நூடல்ஸ் விற்கும் ஒரு பெண்மணியைக் காட்டியபிறகு உலகமே வந்து அந்த பெஞ்சில் உட்காரப் பார்க்கிறது.

பெஞ்சு சூடாக இருந்தது. பலகைக்கு அடியில் மின்சாரச் சூடு. வெளியே குளிர் எலும்பைப் பிடித்தது. உட்கார்ந்ததும் சின்னம்மா முகத்தில் ஓர் ஒளி. "இத நம்ம ஊர்ல வெச்சா எரிஞ்சு செத்துருவோம்" என்றார்.

எங்களுக்கு முன்னால் பிந்தேத்தோக். பாசிப்பயற்றை ஊறவைத்து, தோல் நீக்கி, அரைத்து, முளைகட்டிய பயறும் கிம்ச்சியும் போட்டு, எண்ணெய் குளமாக நிற்கும் இரும்புத் தட்டில் சுட்டெடுக்கும் தடித்த அடை. அரைப்பதும் அங்கேயே. மோட்டார் வைத்த கல் திரிகை வாடிக்கையாளர் கண்ணெதிரே சுற்றிக்கொண்டே இருக்கிறது, மாவு ஓரத்தில் வழிந்து விழுகிறது. பன்றி இறைச்சி போடாததைக் கேட்டு வாங்கினேன். ஒன்று 5,000 வொன். நம் காசில் பதினாறு வெள்ளி.

சின்னம்மா சாப்பிடவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார். மாவு ஒரு கரண்டி எவ்வளவு, எத்தனை நிமிசத்தில் திருப்புகிறாள், எண்ணெய் எப்போது மாற்றுகிறாள், காசு வாங்குகிற கையும் மாவு தொடுகிற கையும் ஒன்றா. "பயறு ஊறினது பத்தாது" என்றார். பிறகு ஒரு வாய் வைத்துவிட்டு, "சரி, ஊறியிருக்கு" என்றார். கடைக்காரப் பெண்ணுக்கு எழுபது வயதுக்குக் குறையாது. முழங்கைவரை உறை, தலையில் துணி, தலைக்குமேலே தன் படம் போட்ட பெயர்ப் பலகை. அந்தச் சந்தையில் பல கடைகளுக்கு ஆள் பெயரோ ஊர்ப் பெயரோ இருக்கிறது. இன்னாருடைய வீடு, இன்ன ஊர்க்காரி கடை. சின்னம்மா பலகையைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பையன்கள் "இமோ, இமோ" என்று கூப்பிட்டு ஏதோ கேட்க, அந்தம்மா முணுமுணுத்தபடி அவர்கள் தட்டில் கிம்ச்சியை இன்னொரு பிடி போட்டார். இதற்குக் கொரிய மொழியில் 'தொம்' என்று பெயர். கொசுறு. சந்தைக்கும் பேரங்காடிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் கொரியர்கள் முதலில் சொல்வது இதைத்தான். சந்தையில் தொம் உண்டு, 'ஜொங்' உண்டு. ஜொங் என்பது ஒட்டுதல், பாசம், நாள்பட்ட பழக்கத்தின் ஈரம், எல்லாம் சேர்ந்தது. சுற்றுலாப் பிரசுரங்கள் இந்தச் சொல்லைப் பிழிந்து சக்கையாக்கிவிட்டன. ஆனாலும் அந்தப் பிடி கிம்ச்சி உண்மை.

எங்களுக்கு வரவில்லை. கேட்கத் தெரியவில்லை என்பது ஒரு காரணம். வருகிற கூட்டம் மறுபடி வராத கூட்டம் என்பது இன்னொன்று. நாளைக்கும் வருகிறவனுக்குத்தானே கொசுறு. 2023 நவம்பரில் இதே சந்தையில் ஒரு யூடியூபர் 15,000 வொன்னுக்கு வாங்கிய கலவை அடைத் தட்டில் துண்டுகள் எவ்வளவு குறைவு என்று காணொளி போட, நாடு முழுக்கப் பேச்சானது. சியோல் மாநகராட்சி தலையிட்டது. விலையோடு அளவையும் எழுதிவைக்க வேண்டும், வாடிக்கையாளர்போல ஆள் அனுப்பிச் சோதிப்போம் என்று அறிவித்தார்கள். நான் இதைச் சின்னம்மாவுக்கு விளக்கினேன். உறவு இருந்த இடத்தில் கிராம் வந்துவிட்டதே என்று என் குரலில் ஒரு வருத்தம் இருந்திருக்க வேண்டும்.

"நல்லதுதானே" என்றார் சின்னம்மா. "எழுதி வெச்சுட்டா ஒருத்தனும் சண்டைக்கு வரமாட்டான். 'ஆச்சி, ஒண்ணு தாம்பா லா'ன்னு நிக்கமாட்டான்."

'தாம்பா' என்றால் கூடப் போடு. எங்கள் ஊர்க் கொசுறு அது.

நாம்டேமுன் சந்தை இதைவிடப் பழையது. 1414-இல் அரசே கடை கட்டி வணிகர்களுக்கு விட்டதிலிருந்து கணக்குச் சொல்கிறார்கள். பத்தாயிரத்துக்கு மேல் கடைகள். மூக்குக்கண்ணாடி, குழந்தைத் துணி, ஜின்செங், பாத்திரம், போர்வை. பக்கத்தில் இருக்கும் பெரிய நகரவாசலை 2008-இல் ஒருவர் தீவைத்து எரித்துவிட்டார், ஐந்து வருசம் செலவழித்துத் திரும்பக் கட்டினார்கள். சின்னம்மா அங்கே பேரனுக்குக் கம்பளிச் சட்டை வாங்கினார், கால்குலேட்டரில் எண்ணைத் தட்டித் தட்டிப் பேரம்பேசி. தோங்கின் சந்தையில் பித்தளைக் காசு வாங்கி, அதைக் கொடுத்துக் கடைகடையாகக் கொஞ்சம் கொஞ்சம் டப்பாவில் வாங்கிச் சாப்பிடலாம். பழைய காலத்துச் சதுர ஓட்டைக் காசு. படம் எடுக்க நன்றாக இருக்கும். மியோங்டோங்கில் முகப்பூச்சு. அதை விடுங்கள்.

இவ்வளவு சந்தை எப்படி உயிரோடிருக்கிறது என்று கேட்டால், பாசத்தால் மட்டும் இல்லை. அந்த நாட்டில் ஏறக்குறைய 1,400 மரபுச் சந்தைகள் இருக்கின்றன. அவற்றைக் காப்பாற்றத் தனிச் சட்டமே உண்டு. மழைக்குக் கூரை போட்டுக்கொடுக்கிறது அரசு. இந்தச் சந்தைகளில் செல்லுபடியாகும் 'ஒன்னுரி' பரிசுச் சீட்டை 2009 முதல் வெளியிடுகிறது. 2012-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பெரிய மார்ட்டுகள் மாதம் இரண்டு நாள் கட்டாயமாக மூடவேண்டும், நள்ளிரவுக்குமேல் காலைவரை திறக்கக்கூடாது என்று உள்ளாட்சிகள் உத்தரவிடலாம். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. 2023-இல் தேகு நகரம் அதைத் திங்களுக்கு மாற்றிக்கொண்டது. மற்ற ஊர்களும் மாற்றப் பார்க்கின்றன. மார்ட்டை மூடினால் சனம் சந்தைக்குப் போகிறதா, அல்லது வீட்டிலிருந்தே இணையத்தில் வாங்குகிறதா என்று சண்டை நடக்கிறது. விடியலுக்குள் வாசலில் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போகும் இணையக் கடைகளை அந்தச் சட்டம் தொடவில்லை. என்றாலும், ஞாயிற்றுக்கிழமை ஒரு பேரங்காடியை மூடச் சொல்ல ஓர் அரசுக்குத் தோன்றியிருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

குவாங்ஜாங்கிலிருந்து சொங்கேசொன் ஓடைக் கரையில் கிழக்கே கால்மணி நேரம் நடந்தால் பியோங்ஹ்வா சந்தை. ஓடையை ஒட்டி நீளமாகக் கிடக்கும் மூன்று மாடிக் கட்டடம். பியோங்ஹ்வா என்றால் அமைதி. போரில் வடக்கிலிருந்து ஓடிவந்தவர்கள் ஓடைக்கரையில் தையல் எந்திரம் வைத்துப் பிழைத்த இடத்தில் 1960-களின் தொடக்கத்தில் எழுந்தது. கீழ்த்தளத்தில் இன்றும் சில பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. கடைக்குள் ஒருவர் நிற்கத்தான் இடம், மற்றதெல்லாம் புத்தகம். படிக்கத் தெரியாத மொழியில் பழைய புத்தகக் கடை பார்ப்பது ஒருவிதமான தண்டனை.

1960-களில் கீழே கடை, மேலே தொழிற்சாலை. ஒரு மாடியைக் குறுக்கே பலகை போட்டு இரண்டாக்கினார்கள். நிமிர்ந்து நிற்க முடியாத அறைகள். பஞ்சுத் தூசி. பன்னிரண்டு, பதிமூன்று வயதில் கிராமத்திலிருந்து வந்த பெண்பிள்ளைகள் ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம் வேலை செய்தார்கள். அவர்களுக்கு 'சிதா' என்று பெயர். தையல்காரிக்கு நூல் அறுத்துக்கொடுக்கிற, துணி எடுத்துக்கொடுக்கிற எடுபிடி. பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. ஏழாம் நம்பர் சிதா, ஒன்றாம் நம்பர் தையல்காரி. அந்தப் பிள்ளைகளில் சிலர் கிழவிகளான பிறகு கொடுத்த வாக்குமூலங்களில் ஒன்று என்னை விடவே இல்லை. தொழிலாளர்களுக்காக நடந்த வகுப்புக்குப் போனபோதுதான் ஒருவர் தன்னைத் தன் பெயரால் கூப்பிட்டார் என்று சொல்கிறார்.

ஜொன் தே-இல் அங்கே துணி வெட்டுகிறவனாக இருந்தான். 1948-இல் பிறந்தவன். பசியோடு தூங்கி விழும் சிதாக்களுக்குப் பேருந்துக் காசில் பணியாரம்போல ஒரு மாவுப் பண்டம் வாங்கிக்கொடுத்துவிட்டு நகரின் ஓரத்திலிருந்த வீட்டுக்கு நடந்தே போவான். நாட்டில் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்று ஒருநாள் தெரிந்துகொண்டான். சட்டப் புத்தகம் வாங்கினான். கணக்கெடுத்தான், மனு எழுதினான். ஒன்றும் நடக்கவில்லை. 1970 நவம்பர் 13 அன்று இந்தச் சந்தைக்கு முன்னால், அந்தச் சட்டப் புத்தகத்தோடு தன்னையும் கொளுத்திக்கொண்டான். நாங்கள் எந்திரங்கள் அல்ல என்று கத்தியபடி. வயது 22. அந்த மாதமே சந்தைத் தையல் தொழிலாளர்களின் சங்கம் உருவானது. அவனுடைய அம்மா லீ சோ-சொன் அதற்குப் பிறகு நாற்பது வருசம், 2011-இல் இறக்கும்வரை, தொழிலாளர் ஊர்வலங்களில் நின்றார். அவரைத் தொழிலாளர்களின் அம்மா என்றார்கள். இங்கேயும் ஓர் உறவுமுறை. ஆனால் யாரும் அவரிடம் கூட ஒரு பிடி கேட்கவில்லை.

ஓடைக்கு மேலுள்ள பாலத்தில் அவனுக்கு வெண்கலச் சிலை இருக்கிறது. இடுப்புக்குமேல் மட்டும், பாலத்துக்குள்ளிருந்து முளைத்து வந்தவன்போல. நாங்கள் போனது நினைவுநாள் கழிந்த வாரம். காய்ந்த பூக்கள் கிடந்தன. நான் சின்னம்மாவுக்குக் கதையைச் சொன்னேன். அவர் பதினாறு வயதில் தொழிற்சாலைப் பேருந்தில் போய் சர்க்யூட் பலகையில் கம்பி பற்றவைத்தவர். கதை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சிதான்னா என்னா?"

கீழே இருக்கிறவள், உதவியாள் என்றேன்.

"பெம்பாந்து" என்றார்.

எனக்கு உடனே புரியவில்லை. பிறகுதான் சொன்னார். கடை லைசன் சித்தப்பா பெயரில். அதில் சின்னம்மா பெயர் 'பெம்பாந்து' என்ற கட்டத்தில் இருக்கிறது. உதவியாள். பயறு ஊறவைத்து, ஆட்டி, வாளியில் தூக்கி, எண்ணெய் முன்னால் இருபத்திரண்டு வருசம் நின்றவர் உதவியாள். சித்தப்பா வேன் ஓட்டுவார், கூடாரக் கம்பி நடுவார், பிறகு நண்பர்களோடு தே தாரேக். நல்ல மனிதர்தான். லைசன் எடுக்கப் போனவர் அவர், அவ்வளவுதான். இப்போது புதுப்பிக்கிற நேரம். பெயர் மாற்ற வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். மகன்கள் விட்டுவிடச் சொல்கிறார்கள்.

கொரியாவில் இந்த 'இமோ'வைப் பற்றி விவாதம் நடந்திருக்கிறது. உணவகத்தில் வேலை செய்யும் பெண்களை இமோ, அஜும்மா என்று கூப்பிடுவது அவர்கள் செய்வதைத் தொழிலாகப் பார்க்கவிடாமல் செய்கிறது, சின்னம்மாவுக்கு யார் ஓவர்டைம் கொடுப்பார்கள் என்று 2011-இல் ஒரு பெண்கள் அமைப்பு கேட்டது. பதிலாக 'சாரிம்சா' என்ற புதுச் சொல்லை முன்வைத்தது. உணவு படைக்கும் தொழிலர் என்பதுபோல. சொல் ஒட்டவில்லை. நான் உட்கார்ந்த எந்த பெஞ்சிலும் அதைக் கேட்கவில்லை. எனக்கு இதில் இரண்டு மனம். பேரங்காடியில் நெஞ்சில் பெயர் குத்திக்கொண்டு நிற்கும் பெண்ணை நாம் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. அங்கே அவளுக்கு ஓவர்டைம் உண்டு. இங்கே உறவு உண்டு. இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்காது என்று யார் முடிவு செய்தார்கள்?

அன்று இரவு டோங்டேமுன் மொத்தச் சந்தையைப் பார்க்கப் போனோம். சில்லறைக் கடைகள் மூடும் நேரத்தில் அது திறக்கிறது, விடிகிறவரை நடக்கிறது. நாடு முழுவதும் உள்ள துணிக்கடைகளுக்காகச் சரக்கு எடுக்கும் ஆட்கள் ஆளுயர மூட்டைகளைத் தோளில் போட்டு ஓடுகிறார்கள். அவர்களைச் 'சம்சொன்' என்பார்கள். அப்பாவின் தம்பி. சித்தப்பா. நடைபாதை முழுக்க சித்தப்பாக்கள் வியர்வையோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். சின்னம்மா சுவரோரம் ஒதுங்கி நின்று அதை நெடுநேரம் பார்த்தார்.

விடுதிக்கு வந்து முட்டிக்குத் தைலம் தேய்க்கும்போது கணக்குப் போட்டார். "ஒரு ராத்திரிக்குப் பன்னண்டு வட சும்மா போவுதுன்னு வை. வாரத்துக்கு மூணு ராத்திரி. வருசத்துக்கு அம்பது வாரம். இருவத்ரெண்டு வருசம்."

போனில் தட்டினேன். 39,600.

"நாப்பதாயிரத்துக்கு நானூறு கொறச்ச" என்றார். "கோவிட்டக் கழி. இருந்தாலும்." சிரித்தார். குடுத்தது தப்பா என்று கேட்டேன். "தப்புன்னு யார் சொன்னா? கணக்கு தெரியணும்ல."

மறுநாள் விமானம் மாலையில்தான். காலையில், பாஸ்போர்ட் அளவு படம் எடுக்க வேண்டும், இங்கேயே எடுக்கலாமா என்று கேட்டார். லைசன் பாரத்துக்கு. சியோலில் அடையாள அட்டைப் படம் எடுக்கும் ஸ்டூடியோக்கள் தெருவுக்கு ஒன்று. எடுத்தவுடன் கணினியில் உட்கார்ந்து சரிசெய்து தருவார்கள். ஸ்டூடியோப் பெண் இருபது நிமிடம் வேலை செய்து திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். நெற்றிச் சுருக்கம் போயிருந்தது, கழுத்து மெலிந்திருந்தது, எண்ணெய் தெறித்து இடது கன்னத்தில் பல வருசமாக இருக்கும் வடு சுத்தமாக இல்லை.

"இது யாரு?" என்றார் சின்னம்மா.

போனை வாங்கி, மொழிபெயர்ப்புச் செயலியில் மலாயில் மெதுவாகச் சொன்னார். செயலி அதைக் கொரிய மொழியில் படித்தது. அந்தப் பெண் எங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி எலியைப் பிடித்து, ஒவ்வொன்றாகத் திரும்ப வைக்க ஆரம்பித்தாள். வடு கடைசியாக வந்தது.